டெய்லர் கடைப் பலகை

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் தையல் மெஷினின் முனகலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் சௌக்கியம்.

எங்கள் பஸ் டிக்கெட் இணையதளம் நின்றுபோனால், திரையில் '502' என்று வெறும் எண்தான் வரும். டிக்கெட் போட்டவர்கள் பதறிப்போவார்கள். அதற்குப் பதிலாக மனிதர் பேசுவதுபோல ஓர் அறிவிப்பு வைக்கச் சொன்னார்கள். நீங்கள் சாப்பிடப் போகும்போது ஷட்டரில் மாட்டும் பலகை ஞாபகம் வந்தது. "அரை மணியில் வந்துவிடுவோம். உங்கள் டிக்கெட் பத்திரமாக இருக்கிறது" என்று எழுதினேன். துணி என்பதை டிக்கெட் ஆக்கியது மட்டும்தான் என் வேலை.

முதல் சோதனையில் மூக்குடைபட்டேன். தளத்தை நிறுத்திப் பார்த்தால் அதே 502. நின்றுபோகிற தளத்துக்குள்ளேயே அறிவிப்பையும் வைத்திருந்தேன். பலகையைக் கடைக்குள் மாட்டிவிட்டு ஷட்டரை இழுத்துவிட்டால் யார் படிப்பது? பிறகு வாசல்காரன் மாதிரி தளத்துக்கு முன்னால் நிற்கும் சர்வர் என்ற வேறொரு கணினியில் வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை தளம் நிஜமாகவே இருபது நிமிஷம் படுத்துவிட்டது. ஒருவர்கூடத் திட்டவில்லை. எங்கள் மேலாளர் அம்மா, "யாரும்மா இப்படி எழுதக் கத்துக்கொடுத்தது?" என்றார்.

"எங்கப்பா. டெய்லரா இருக்கார்" என்றேன். அவருக்கு இரண்டு ஜாக்கெட் தைக்க வேண்டுமாம்.

பலகையைப் படம் பிடித்து அனுப்புங்கள். சாக்பீஸ் தூளைத் துடைக்க வேண்டாம். என் நீலச் சுடிதார் தோளில் தையல் விட்டிருக்கிறது. இங்கேயும் தைப்பவர் இருக்கிறார், கொடுக்கத்தான் மனசு வரவில்லை.

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள். லீவு கிடைத்துவிட்டது, பதினெட்டாம் தேதி வருகிறேன். அன்றைக்குப் பலகையில் திரும்பி வரும் நேரம் எழுதாதீர்கள்.

உங்கள் சின்னவள்