மூடி வைத்த கறி

ஆடி மாதம், வியாழன் இரவு.

அழகர்கோவிலில் பேத்திக்குக் காது குத்திக் கிடா வெட்டியது ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் பாதிச் சொந்தத்துக்கு வயிற்றுப்போக்கு. என் தங்கை இன்னும் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். சமைத்த காதர் பாய் மேல் பழியைப் போட்டது நான்தான்.

அதை நிரூபிக்க இரண்டு நாள் வீடு வீடாகப் போய், யார் எப்போது என்ன சாப்பிட்டார்கள் என்று நோட்டில் எழுதினேன். மத்தியானம் சூடாகச் சாப்பிட்டவர்களுக்கு ஒன்றுமில்லை. சாயங்காலம் தூக்குவாளியில் கறி வாங்கிப் போனவர்கள்தான் விழுந்திருக்கிறார்கள்.

ஞாயிறு மத்தியானமே பாய் சொன்னார். "அண்ணே, அண்டாவோட மூடி வைக்காதீக. சின்னச் சட்டியில பிரிச்சு ஆற விடுங்க, கெட்டுப்போகும்."

"போய்யா, எத்தனை கிடா வெட்டுனவன் நான், எனக்கே சொல்றியா?" என்று நானே மூடி, மேலே சாக்கும் போட்டேன்.

இன்று சுகாதார ஆய்வாளர் வந்து நோட்டைப் பார்த்தார். "டாக்டரே தோத்தாரு போங்க, பெரியவரே! மணிக்கணக்குல வெதுவெதுன்னு கிடந்த கறியில கிருமி பெருகியிருக்கு. மூடி வச்சது யாரு?"

"வேற யாரு, பாய்தான்" என்று மச்சினன் முந்திக்கொண்டான். நோட்டைக் காலையில் தருகிறேன் என்று மட்டும் ஆய்வாளரிடம் சொன்னேன்.

ஒத்தக்கடையில் பாய் ஒத்துக்கொண்டிருந்த கல்யாணச் சமையலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

நோட்டை வாங்க ஆய்வாளர் காலையில் வருவார். அண்டாவை மூடியது நான்தான் என்று கடைசிப் பக்கத்தில் எழுதிவிட்டேன். இந்த வயதுவரை எவனிடமும் தப்பு என்று ஒத்துக்கொண்டதில்லை. அசதியாக இருக்கிறது. கையெழுத்து மட்டும் இன்னும் போடவில்லை.