கைவலிக்கு வாய் வைத்தியம்

திருவிடைமருதூர்,
புரட்டாசி 14

அன்புள்ள மலர்க்கொடிக்கு, உன் கூட்டாளி காத்தாயி எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். திருப்பூரில் நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? போன் செய்தால் நீ எடுப்பதில்லை. இதையாவது கிழிக்காமல் படி.

நேற்று சம்பா நடவில் இறங்கினேனடி. ஒன்றரை வருடமாக வரப்பில் உட்கார்ந்து நாற்றுமுடி எடுத்துக் கொடுத்தவள், நேற்று நட்டு முடித்து முதல் ஆளாகக் கரையேறினேன்.

நீ ஊரைவிட்டுப் போன மறு வருடமே என் விரலெல்லாம் வீங்கிவிட்டது. காலையில் தலைமுடியைக்கூட அள்ளி முடிய முடியாது. முடக்குவாதம் என்று தஞ்சாவூரில் மாத்திரை கொடுத்தார்கள். பாதிதான் கேட்டது. அந்த டாக்டரம்மா ஒருநாள், "பல் தேய்ச்சா ரத்தம் வருதாம்மா?" என்று கேட்டார். எனக்கு வந்ததே கோபம்! கைவலிக்கு வந்தவளிடம் கேட்கிற கேள்வியா? ஈறுகளில் சீழ் பிடித்திருந்தால் மூட்டு வீக்கமும் அடங்காமல் இருக்கலாம் என்றார். பல்லைச் சுத்தம் செய்தால் ஆடிவிடும் என்று பயந்து மூன்று மாதம் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் என் மகன் புகழேந்திதான் வண்டியில் ஏற்றிப் போய்ப் பல் டாக்டர் முன்னால் உட்காரவைத்தான். நாலு தடவை ஈறுகளுக்கு அடியில் சுரண்டி எடுத்தார்கள். புகையிலையையும் விட்டேன். ஒரு பல்லும் ஆடவில்லை.

மூன்றாம் மாதம் வீக்கம் வடிந்து விரல் மடங்கியது. டாக்டரம்மாவுக்கே முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் எல்லோருக்கும் இப்படிக் கேட்காது, மாத்திரையை மட்டும் நிறுத்தாதே என்று கண்டித்துச் சொன்னார்.

நடவில் பின்தங்குகிறவளைச் சுற்றி நாற்றை நட்டு, வெளியேற வழியில்லாமல் நடுவில் நிறுத்திக் கேலி செய்வார்களே, அதை நேற்று கலைமகளும் அவளோடு நடுகிற பெண்களும் என்னிடம் செய்து பார்த்தார்கள். நடக்குமா? அத்தனை பேரையும் முந்தினேன். கரையில் நின்று சிரிக்கும்போதுதான் உன் முகம் ஞாபகம் வந்தது. நீ ஊரைவிட்டுப் போன அந்த வருடம் உன்னைச் சுற்றி நட்டது நான்தான். விரல் வலிக்கிறது என்றாய். சோம்பேறி என்று சொல்லிக் கைதட்டிச் சிரித்தேன். அந்த வலி எப்படிப்பட்டது என்று இப்போது தெரிகிறது. தப்பு என்னுடையது.

உனக்கும் அதே நோய்தானா என்று எனக்குத் தெரியாது. டாக்டரிடம் காட்டு, வாயையும் திறந்து காட்டு. அடுத்த நடவுக்கு வா. நீ எவ்வளவு மெதுவாக நட்டாலும் சரி, உன்னை விட்டுவிட்டு நான் கரையேற மாட்டேன்.

உன் கை சுகமாக மகாலிங்கசாமியை வேண்டிக்கொண்டிருக்கும்,
காத்தாயி