மாலதி காக்குவின் கட்டைவிரல்

காரைக்குடி,
வெள்ளிக்கிழமை மதியம்

அன்புள்ள ஸ்வேதாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் புனேயில் அப்படியே இருக்க வேண்டும் என்று கொப்புடையம்மனிடம் சொல்லிவிட்டு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். போனில் இதை இரண்டு முறை ஆரம்பித்தேன். ஒரு முறை அப்பா வந்து வாங்கிக்கொண்டார், இன்னொரு முறை நானே விழுங்கிவிட்டு ஊர்க்கதை பேசினேன். தாளில் விழுங்க முடியாது. அப்பாவுக்குப் பள்ளத்தூரில் ஒரு வீட்டுக்குக் கதவு ஜன்னல் எல்லாம் புதிதாகச் செய்யும் வேலை வந்திருக்கிறது, தேக்குத் தூள் மூக்கில் ஏறி ஒரு வாரமாகத் தும்முகிறார், மாத்திரை போடச் சொன்னால் கேட்பதில்லை. எனக்குக் கொத்தமங்கலம் ஹோட்டலில் இந்த மாதம் வெளிநாட்டுக்காரர் கூட்டம், வாரத்தில் ஒரு நாள் லீவு கிடைப்பதே பெரிய காரியம். இவ்வளவுதான் இங்கத்திய சேதி. இனி எழுதப்போவது சேதி இல்லை.

போன மாதம் நீ ஒரு போட்டோ அனுப்பினாய். உன் வீட்டுக்கார அம்மா, நீ சித்தி முறைக்கு மராத்தியில் காக்கு என்று கூப்பிடுகிற மாலதி காக்கு, இடது கைக்காரர்களுக்காக நீ வடிவமைக்கிற மடக்குக் கத்தியின் மாதிரியைக் கையில் பிடித்திருக்கிறாள், அவள் விரல்மேல் உன் விரல். கீழே, அவளுடைய கட்டைவிரலை அளந்துதான், விரித்த அலகு மடங்காமல் பிடிக்கும் பூட்டுத் தகட்டை வைத்தேன் என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழே, முதல் முறையாக என்னைப் போலவே இடது கையால் எல்லாம் செய்கிற ஒரு அம்மாவைப் பார்க்கிறேன், வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். நான் பதிலுக்கு ஒரு பூப் படத்தை அனுப்பிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். பிறகு அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவள் வளையல், அவள் நகம், அந்தக் கட்டைவிரல். ஞாயிற்றுக்கிழமை உனக்குத் தலையில் எண்ணெய் வைத்து விடுகிறாள், அவல் உப்புமா செய்து தருகிறாள் என்று முன்பு நீ சொன்னதெல்லாம் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. இந்த ஒரு வரிதான் நெஞ்சில் முள்ளாக நின்றது. வருத்தம், கவலை, பிரிவு என்று பல பெயர் வைத்துப் பார்த்தேன். நிறையப் படிப்பவளுக்கு நிறையச் சொல் கிடைக்கும், ஒளிந்துகொள்ளவும் வசதி. கடைசியில் அது பொறாமைதான் என்று ஒத்துக்கொண்டேன். உன்னைப் பெற்றவள் நாற்பது வயதுகூட ஆகாதவள், அறுபது வயது அம்மாளின் கட்டைவிரலைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள். சிரித்துக்கொள்.

ஸ்வேதா, நானும் இடது கைக்காரிதான். உனக்குத் தெரியாது, தெரியாதபடி பார்த்துக்கொண்டேன். ஐந்து வயதில் என் அம்மா என் இடது கையைப் பாவாடை நாடாவோடு சேர்த்துக் கட்டிவைத்துத்தான் எனக்கு எழுதப் பழக்கினாள். சாப்பிட, கொடுக்க, வாங்க, பரிமாற எல்லாம் வலது கை என்று ஆக்கிவிட்டாள். ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த உன் மாமா ஆசைத்தம்பியும் இடது கைதான், அவனை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆம்பளப் பிள்ளைக்கு எந்தக் கையும் கைதான் என்றாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, போற வீட்டுல ஒருத்தருக்கும் தெரியக்கூடாது தாயி, பந்தியில மறந்து இடது கையில கரண்டியத் தூக்கிப்புடாத என்றாள். ஒரு நாளும் தூக்கவில்லை. ஆனால் கத்தியை மட்டும் என்னால் வலது கைக்கு மாற்ற முடியவே இல்லை. அடுப்படியில் ஆள் இல்லாதபோது இடது கை, காலடிச் சத்தம் கேட்டால் வலது கை. நீ இரண்டு வயதில் இடது கையால் மிட்டாய் வாங்கியபோது எனக்கு அந்தப் பாவாடை நாடாதான் ஞாபகம் வந்தது. பால்வாடி டீச்சர் உன் கையைத் தட்டியதற்கு நான் போய்ச் சண்டை போட்டதை அப்பா இன்னும் சொல்லிச் சிரிப்பாரே, அது உனக்காக மட்டும் போட்ட சண்டை இல்லை. உன் கையைக் காப்பாற்றினேன், என் கையை உனக்குக் காட்டவில்லை. இது என் தப்பு. அந்த இடத்தில்தான் காக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

நீ மாதிரிக் கத்தி ஒன்றைச் சோதித்துப் பார்க்கச் சொல்லி ஒரு கேள்வித்தாளோடு மாமாவுக்கு அனுப்பினாய். எனக்குக் கடைக்கத்தி ஒன்று, 'வலது கைக்காரிக்கு' என்று சீட்டு எழுதி. போன செவ்வாய் நான் புதுவயல் போய் மாமாவிடம் அதைக் கேட்டேன். அரிசி மில்லில் மோட்டார் பக்கத்தில் ஒயர் சீவிக்கொண்டிருந்தான். ஒனக்கெதுக்குக்கா இது, இடக்கைக்காரன் கத்தி, பழகாத கையில பிடிச்சா வெரல எடுத்துப்புடும் என்று எனக்கே பாடம் நடத்தினான். உன் கேள்வித்தாளில் பத்துக்குப் பத்து போட்டிருந்தான், எதைப் பார்த்துப் போட்டாய் என்று அவனைக் கேட்டேன். நம்ம பிள்ள செஞ்சது, கொறச்சா போடுவாக என்றான். அவன் மார்க்கை நீ நம்பாதே. கத்தியை வீட்டுக்குக் கொண்டுவந்து நான் திறந்து பார்த்தேன். முதல் தடவையே நகம் வழுக்கி உடைந்துவிட்டது. ஏனென்று சொல்கிறேன், கவனமாகப் படி. கடைக்கத்தியைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி எல்லாவற்றையும் நீ பக்கம் மாற்றி வைத்திருக்கிறாய். அலகை இழுக்கிற நகப்பள்ளமும் இடது கை நகத்துக்குத் தோதாகப் பக்கம் மாறிவிட்டது. காக்குவுக்கு அது சரி, அவளைச் சின்ன வயதில் யாரும் அதட்டவில்லை. என் மாதிரி அதட்டி மாற்றின கை வேறு. டப்பா மூடி, பூட்டு, பேனா என்று திறப்பதெல்லாம் எனக்கு வலது கைதான். வெட்டுவது மட்டும் இடது. நான் கத்தியை இடது கையில் பிடித்து வலது கை நகத்தால் தேடினால் அந்தப் பக்கம் மொழுமொழுவென்று இருக்கிறது. பள்ளத்தை அலகின் இரண்டு பக்கமும் வை. நம் ஊரில் இடது கைக்காரிகளில் முக்கால்வாசிப் பேர் என் மாதிரிதான் இருப்பார்கள், கேட்டால் ஒருத்தியும் ஒத்துக்கொள்ள மாட்டாள், உன் கேள்வித்தாளில் ஒருத்தி பெயரும் வராது.

ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. எப்படியோ திறந்து ஒரு மாங்காயைச் சீவிவிட்டு மூடப்போனபோது, அந்தப் பூட்டுத் தகடு தானாக வந்து என் இடது கட்டைவிரலுக்குக் கீழே நின்றது. தேடவே இல்லை. கத்தரிக்கோல், டப்பா வெட்டி, ஹோட்டல் கணினியின் மவுஸ் வரை ஒரு சாமானும் இதுவரை என் கைக்கு அப்படி வந்து நின்றதில்லை. கண் கலங்கிவிட்டது. அடுத்த நிமிஷமே அது எந்தக் கட்டைவிரலை அளந்த இடம் என்று ஞாபகம் வந்தது. கத்தியைத் தூக்கி அடுப்பு மேடையில் வைத்துவிட்டேன். அவள் விரலும் என் விரலும் ஒரே நீளமாம். அதையும் சொல்லிவிட்டேன், போதுமா.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் இதைச் சொன்னேன். இருபத்தோரு வருஷம் மறைத்ததைச் சொல்கிறோமே என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் காபியை ஆற்றிக்கொண்டே, இது தெரியாமயா இருக்கேன், கல்யாணமான மொத வாரமே தெரியும் என்கிறார். எப்படி என்றேன். நான் ஆசாரி வல்லி, அறுத்த பலகையப் பாத்தா எந்தக் கைன்னு தெரியாதா, நீ தனியா இருந்து அரிஞ்சா வாழைக்காய்ச் சீவல் அங்குட்டுச் சாஞ்சிருக்கும், ஆள் வந்துட்டா இங்குட்டுச் சாயும், பஜ்ஜியத் தின்னுக்கிட்டே சொல்லிருவேன் இன்னைக்கு நம்ம வீட்டுக்கு யார் வந்து போனாகன்னு என்றார். ஏன் இத்தனை நாள் கேட்கவில்லை என்றதற்கு, நீ சொல்லாததக் கேட்டா நல்லாவா இருக்கும் என்றார். எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

உன் கத்தியின் வரைபடம் இருபத்தெட்டாம் தேதி வார்ப்பு அச்சு செய்யத் தொழிற்சாலைக்குப் போகிறது, அதற்குப் பிறகு ஒரு கோடுகூட மாற்ற முடியாது என்று சொல்லியிருந்தாய். அதனால் பத்தொன்பதாம் தேதி நான் புனே வருகிறேன். சென்னை வரை அப்பா வந்து ரயில் ஏற்றி விடுகிறார். ஹோட்டலில் நாகம்மை ஆச்சியிடம் லீவு கேட்டால், கத்தி பாக்கவா அம்புட்டுத் தூரம் போற, இங்கன கத்தியே இல்லையாக்கும் என்றார்கள், ஆனால் நான்கு நாள் தந்தார்கள். வரும்போது சீப்புச்சீடையும் மாவடுவும் கொண்டுவருகிறேன், பாதி காக்குவுக்கு. அவளிடம் நான் எழுதியதில் ஒரு வரியும் சொல்லாதே. உன்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிற மனுஷி, நான் சிரித்த முகமாகத்தான் பேசுவேன். ஆனால் என் கையையும் அளந்து எழுதிக்கொண்ட பிறகுதான் அந்தப் படம் உன் மேஜையை விட்டுப் போக வேண்டும். இதை அம்மாவாகக் கேட்கவில்லை, உடைந்த நகத்தோடு ஒரு சோதனைக்காரியாகக் கேட்கிறேன். அம்மாவாகவும் கேட்கிறேன் என்றே வைத்துக்கொள்.

வேளைக்குச் சாப்பிடு, மழையில் வண்டியை வேகமாக ஓட்டாதே, இருமல் வந்தால் வளரவிடாதே. கொப்புடையம்மன் எல்லாத் திசையிலும் உன்னைக் காக்கட்டும், உன் இரண்டு கைக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. நான் வந்ததும் ஆசையில் கத்தியை என் கையில் தந்துவிடாதே, கையில் கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள். மேஜைமேல் வை. நான் எந்தக் கையால் எடுக்கிறேன் என்று மட்டும் பார்.

உன் அம்மா,
நாகவல்லி