மருந்து ரூமுக்கு எத்தனை வாசல்?

நாரணாபுரம்
கார்த்திகை 27

அன்பு மகள் பிரீத்திகாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். அங்கே நீயும் சுகம்தானே என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் இல்லை என்று தெரிந்துகொண்டே எப்படி எழுதுவது. தீபாவளி முடிந்து அடைத்திருந்த பட்டாசுக் கம்பெனியைப் பூஜை போட்டுத் திறந்துவிட்டார்கள், அப்பா போர்மேன் வேலைக்குப் போகிறார், முழங்கால் வலி அப்படியேதான். ஆனைக்குட்டம் அணைக்குத் தண்ணீர் வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பொன்னுத்தங்கம் உன்னைக் கேட்டாள், மகராசியாய் இருக்கிறாள் என்று பொய் சொன்னேன்.

போன தடவை வந்தபோது என் போனில் 'கடல் கடந்த தமிழ்ப் பெண்கள்' குழுவில் என்னைச் சேர்த்துவிட்டாயே, நினைவிருக்கிறதா? "அங்கன முருங்கைக்கீரை எங்க கெடைக்குதுன்னு பேசிக்கிடுவாக, சும்மா பாருங்கம்மா, பொழுது போகும்" என்றாய். மூன்று வருஷமாய்ப் பார்க்கிறேன். முப்பத்தெட்டாயிரம் பேர். ஒரு வார்த்தை எழுதியதில்லை, ஒரு லைக் போட்டதில்லை, தெரியாமல் அமுங்கிவிடுமோ என்று போனைத் தள்ளிப் பிடித்துத்தான் படிப்பேன். ஆனால் யார் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல், யாருக்கு வேலை போனது, எல்லாம் தெரியும். முகம் தெரியாத பெண்களுக்காகப் பத்திரகாளியம்மனிடம் வேண்டியிருக்கிறேன். "அம்புட்டு பேரு வீட்டுக் கதையும் ஒனக்கெதுக்கு?" என்று அப்பா கேலி செய்வார். நம் வீட்டுக் கதையும் அங்கே வரும் என்று நான் கண்டேனா?

இரண்டு வாரம் முன்னால் பெயர் போடாமல் ஒருத்தி எழுதியிருந்தாள். அவர் வீட்டில் இருக்கும்போது மருந்து ரூமுக்குள் நடக்கிற மாதிரி நடக்கிறேன், செருப்பில்லாமல், எதிலும் உரசாமல், என்று. கீழே இருநூறு பதில். எந்த மருந்து சாப்பிடுகிறீர்கள் தோழி என்கிறாள் ஒருத்தி, டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள் என்கிறாள் இன்னொருத்தி. மருந்து என்றால் வெடிமருந்து, அது கலக்கும் ரூமில் ஒரு உரசல் போதும் என்று அத்தனை பேரில் எனக்கு மட்டும்தான் புரிந்தது. நம் பக்கத்துப் பெண் வேறு யாராவதாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டே படித்தேன், அந்தப் பாவம் என்னைச் சேரட்டும். கடைசி வரியில், "அம்மாட்ட சொல்லப் போனேன், எல்லா வீட்லயும் இருக்கறதுதான்னுட்டாக" என்று இருந்தது. அது நான் சொன்னது. போன வருஷம், அடுப்பில் குழம்பு கொதிக்க, போனைக் காதில் இடுக்கிக்கொண்டு சொன்னேன். பெற்றவள் கேட்காததால் ஊரார் முப்பத்தெட்டாயிரம் பேரிடம் சொல்லியிருக்கிறாய். நெஞ்சு வெந்து போனேன் பாப்பா.

பதில் எழுத எத்தனையோ தடவை தட்டினேன், அழித்தேன். என் பெயரைப் பார்த்தால் நீ வெட்கப்பட்டு அதையும் எடுத்துவிடுவாய், உன்னைப் பார்க்க இருக்கும் ஒரே ஜன்னலும் அடைபட்டுவிடும். போனில் கேட்கலாம் என்றால் ஸ்பீக்கரில் போட்டு மாப்பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். "அத்தை, சாப்பிட்டீகளா?" என்று மகேஷ்குமார் எவ்வளவு பதமாய்க் கேட்கிறார்! சாப்பிட்டேன் மாப்பிள்ளை என்று நானும் சிரித்தேன், சிரித்த இந்த வாயை என்ன செய்வது. புறப்பட்டு வர எனக்குப் பாஸ்போர்ட் கிடையாது, நீ இருக்கும் பெர்த் எந்தத் திசை என்றுகூடத் தெரியாது. அப்பாவிடம் சொன்னால் அந்த நிமிஷமே போனில் சத்தம் போடுவார், அது உன் தலையில்தான் விடியும். அதனால்தான் வருஷா வருஷம் அனுப்பும் தினசரிக் காலண்டரின் அட்டைக்குப் பின்னால் இதை வைத்துப் பிரவுன் தாள் ஒட்டி அனுப்புகிறேன். காலண்டர் வந்ததும் அட்டையைப் பூச்சி அரித்திருக்கிறதா பார் என்று போனில் நான் கேட்பதும் இதற்குத்தான். படித்ததும் கிழித்துப் போடு.

புதிதாய் வேலைக்கு வருகிறவர்களிடம் அப்பா சொல்வதைச் சின்ன வயதில் சாப்பாட்டுத் தட்டு முன்னால் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவாய். "சூடேறுன மருந்த அணைக்க நிக்காதீக, அள்ள நிக்காதீக, போட்டது போட்டபடி வெளிய வந்துருங்க." நகை, சேலை, ஊர் என்ன சொல்லும் என்பது, நான் அன்றைக்குச் சொன்னது, எதையும் அள்ள நிற்காதே. பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொள்.

பத்திரகாளியம்மன் உன்னைத் தன் மடியில் வைத்துக் காக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. இது கைக்கு வந்துவிட்டது என்று எனக்குத் தெரிய, குழுவில் பெயர் போடாமல் 'மருந்து ரூமுக்கு எத்தனை வாசல்?' என்று மட்டும் கேள். அவர்களெல்லாம் மருந்துக்கடை விலாசம் சொல்வார்கள். நான் முதல் தடவையாக, என் பெயரிலேயே எழுதுவேன், நாலு பக்கமும் வாசல், எல்லாம் வெளியே பார்த்துத்தான் திறக்கும் என்று.

போனைக் கீழே வைக்காமல் காத்திருக்கும்
உன் அம்மா
செல்வலட்சுமி