மங்கம்மா கை காட்டிய கப்பல்

காசிமேடு
ஞாயிற்றுக்கிழமை

என் கண்ணு வினிதாவுக்கு, உன் நைனா எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணன் வெற்றியும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் கப்பலில் அப்படியே இருக்க வடிவுடையம்மனை வேண்டிக்கொள்கிறேன். நலம் என்ற சொல்லை மட்டும் எழுதக் கை வரவில்லை, உன் அம்மா போய் இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. நான் எட்டாவதோடு நின்றவன், எழுத்து கோணலாக இருக்கும். வெற்றி இதைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான், பெரிதாக்கிப் படித்துக்கொள். போனில் பேசலாம் என்றால் நீதான் எடுப்பதில்லையே.

அம்மாவை எடுத்த அன்றைக்கு வெற்றி உனக்கு வீடியோவில் காட்டிக்கொண்டிருந்தான். அப்போது எதிர்வீட்டு ரேகா மாரடித்துக்கொண்டு, “கப்பல் மேல நின்னுகினு கைய காட்டிப் போன கண்ணே, காத்துக் கெடந்த ஆத்தா மூஞ்ச கடைசியா பாரு பொண்ணே” என்று ஒப்பாரி வைத்தாள். அதோடு நீ போனை வைத்துவிட்டாய். கீழே இறங்கிப் பெற்றவளைப் பார்க்காமல் கப்பலிலிருந்தே கை காட்டிவிட்டுப் போனவள் என்று தெருவே உன்னைக் குத்திக்காட்டுவதாக நினைத்துக்கொண்டாயாம். இனி ஊருக்கே வரப்போவதில்லை, கான்ட்ராக்டை நீட்டிக்கொள்கிறேன் என்று வெற்றிக்கு மெசேஜ் போட்டிருக்கிறாய், அவன் நேற்றுதான் என்னிடம் சொன்னான். அந்தப் பாட்டில் இருப்பது வேறு சங்கதி கண்ணு. உனக்குச் சொல்லக்கூடாது என்று அம்மா என் வாயைக் கட்டியிருந்தாள், சீக்காளியைக் கடலுக்குக் கூட்டிப்போனாயா என்று நீ என்னைத் திட்டுவாய் என்று அவளுக்குப் பயம். இனி நீ திட்டினாலும் பரவாயில்லை, கேள்.

உன் கப்பல் நம் ஹார்பருக்கு வருகிறது என்று நீ சொன்ன நாளிலிருந்து அம்மாவுக்குப் பேச்சே அதுதான். டாக்டர்கள் இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்ட நேரம், கஞ்சித் தண்ணிகூட இறங்கவில்லை, ஆனாலும் உன் கப்பலில் பயணிகள் இறங்கும் கடைசிக் காலை எப்படி நடக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். முந்தின நாளே பெட்டிகளில் கலர் அட்டை கட்டி ரூம் வாசலில் வைத்துவிடுவார்கள், காலையில் நாஷ்டா முடிந்ததும் ஒவ்வொரு கலராகக் கூப்பிட்டு இறக்குவார்கள், மத்தியானம் புது ஆட்கள் ஏறுவதற்குள் நீ படுக்கையெல்லாம் மாற்றிக் கழுவித் துடைத்து வைக்க வேண்டும், நீ பார்க்கும் ரூம்களில் இருப்பவர்கள் பச்சை, பச்சை முதலில் இறங்கினால் நீ சீக்கிரம் முடித்துவிட்டு பாஸ் வாங்கிக்கொண்டு ஹார்பர் வாசல்வரை ஓடிவந்து அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் இதைத்தான் சொன்னாள். ரேகாவிடம், “பச்சைக்காரங்க சட்டுனு துன்னுட்டு எறங்கணும்டி, பேஜாரு பண்ணாம கெளம்பணும்னு வேண்டிக்கினு கீறேன்” என்றாள். முகம் தெரியாத பயணிகள் வேகமாகச் சாப்பிட வேண்டும் என்று சாமியிடம் கேட்டவள் உலகத்தில் உன் அம்மா ஒருத்தியாகத்தான் இருப்பாள். கப்பல் வந்த அன்றைக்குக் காலையில் ரேகாவைப் பக்கத்தில் உட்காரவைத்து உனக்குப் பிடித்த சுறாப்புட்டு செய்யவைத்தாள், படுத்தபடியே உப்பு பார்த்தாள்.

ஆட்டோவில் அவளைச் சாய்த்து வைத்துக்கொண்டு கல்மண்டபம் வழியாக வந்து, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் புகுந்து, ஹார்பர் வாசலுக்கு எதிரே நிழல் பார்த்து நின்றோம். ஆட்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். பச்சை அட்டையைப் பார்த்ததும் அம்மா என் தோளைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். பச்சை போனது, மஞ்சள் போனது, சிவப்பும் வந்தது, நீ வரவில்லை. அப்போதுதான் உன் ரூமில் தங்கியிருந்தவள், நீ சொல்லி அனுப்பிய அந்த வண்ணாரப்பேட்டைப் பெண் உமைமா, பச்சையோடு இறங்கியும் எங்களைக் கண்டுபிடிக்க முடியாமல், புருஷனைப் பெட்டிகளோடு நிறுத்திவிட்டு ஒவ்வொரு ஆட்டோவாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள். “வினிதா அம்மாவா நீங்க? கப்பல்ல நெறைய பேருக்கு வாந்தி பேதிமா, வேல செய்றவங்க யாரையும் எறங்க வுடல. ரூமெல்லாம் மருந்து போட்டுக் கழுவிகினு கீறாங்க. வெயில்ல காத்துகினு இருக்காதீங்க, வூட்டுக்குப் போங்கன்னு சொல்லச் சொன்னாங்க” என்றாள். அழுதுச்சா என்று அம்மா கேட்டாள். அவள், இல்லம்மா, சிரிச்சிகினேதான் சொன்னாங்க என்றாள், ஆனால் துப்பட்டாவால் அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அம்மா அந்தச் சுறாப்புட்டு டப்பாவை எடுத்து அவளிடம் நீட்டி, “எங் கொயந்த படுக்க விரிச்சிப் போட்ட பொண்ணு நீ, நீயாச்சும் துன்னு” என்றாள். உமைமா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

நான் ஆட்டோவை வீட்டுக்குத் திருப்பச் சொன்னேன். பாதி வழியில் அம்மா, “யோவ், கப்பல் வெளிய போய்த்தான ஆவணும்? அது போற கடலு நம்ம கடலுதான?” என்றாள். அதெல்லாம் ஆகாது மங்கா, உன் உடம்பு தாங்காது என்றேன். தாங்கி இன்னா பண்ணப்போறேன் என்றாள். வழியிலேயே போட்டுக்கு ஏற்பாடு பண்ணினேன். சாயங்காலம் பகலவன் தன் ஃபைபர் போட்டை எடுத்தான், உனக்குத் தெரியுமே, உனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்த பகலவன் மாமன்தான். நானும் வெற்றியும் அவளை பிளாஸ்டிக் சேரோடு தூக்கி வைத்தோம், வலைகளை மடித்து முதுகுக்கு முட்டுக் கொடுத்தோம். கிட்டே போக விடமாட்டார்கள், அதனால் அலைதடுப்புக் கல்லைத் தாண்டி வடக்கே ஒதுங்கி எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். வெயில் ஊருக்குப் பின்னால் இறங்கும் நேரம் உன் கப்பல் வெளியே வந்தது. எத்தனையோ வருஷம் கடலில் போனவன் நான், அவ்வளவு பெரியதை அவ்வளவு கீழே இருந்து பார்த்ததில்லை. ஒரு தெருவையே எழுப்பி நிறுத்திவிட்டாற்போல இருந்தது, மேலே பாட்டு, சிரிப்பு, ஆட்கள் எறும்பு மாதிரி. எந்தத் தட்டில் நீ இருப்பாய், எந்த ஜன்னல் என்று ஒன்றும் தெரியவில்லை. அம்மா முன்பக்கத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு ஜன்னலுக்கும் கை காட்டிக்கொண்டே வந்தாள். கை தளர்ந்தபோது வெற்றி அவள் முழங்கையைத் தாங்கிப் பிடித்தான். கப்பல் பாதி தாண்டியபோது திடீரென்று, “தோ நிக்குது பாரு, கம்பி ஓரமா, நீல சட்ட, எங் கொயந்ததான். கை காட்டுது பாருய்யா” என்று கத்தினாள். எனக்குத்தான் கண்ணில் புரை, கப்பலே கலங்கலாகத் தெரிந்தது. ஆமா மங்கா, வினிதாதான் என்றேன். பகலவன் குனிந்து எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் கப்பல் கிளப்பிய அலை வந்தது, அவன் போட்டை அலைக்கு நேராகத் திருப்பிப் பிடித்தான், நான் அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். மீன் கூடையைத் தூக்கித் தூக்கி இறுகின தோள் கண்ணு அது, என் கைக்குள் எலும்பாக இருந்தது.

அதற்கப்புறம் அவள் இருந்த கொஞ்ச நாளும் வலி பொறுக்காமல் முனகுவாள், முனகல் நின்றதும் யாராவது வந்தால் அதைத்தான் சொல்வாள், எம் பொண்ணு கப்பல் மேல நின்னுகினு கைய காட்டுச்சு என்று. ரேகா அதைக் கேட்டுக்கேட்டுத்தான் ஒப்பாரியில் வைத்துப் பாடினாள். உன்னை ஏசவில்லை, செத்தவள் கடைசியாகச் சந்தோஷப்பட்டதைத்தான் பாடினாள். போனை நீ வைத்த பிறகும் அவள் பாடிக்கொண்டே இருந்தாள், நம் தெருப் பெண்கள் அத்தனை பேரும் உனக்காகத்தான் அழுதார்கள். அந்த நேரம் நீ நிஜமாகவே மேலே வந்து நின்றாயா, இல்லை கீழே ஏதாவது ரூமில் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாயா என்று எனக்கு எழுதாதே. அம்மா பார்த்தது பார்த்ததாகவே இருக்கட்டும்.

கான்ட்ராக்டை நீட்டாதே கண்ணு. வேலை வேண்டும் என்றால் கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போ, நான் தடுக்கமாட்டேன், ஆனால் இந்த முறை இறங்கி வா. கான்ட்ராக்ட் முடிந்து சிங்கப்பூரில் இறங்கும் காலையில் அவசரத்தில் சாப்பிடாமல் கிளம்பிவிடாதே, பாஸ்போர்ட்டைப் பெரிய பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடாதே, கையிலேயே இருக்கட்டும். உன்னோடு வேலை செய்தவர்களிடம் சொல்லிக்கொண்டு கிளம்பு, சண்டை போட்டவர்களிடமும் சொல்லிவிட்டு வா. ஏர்போர்ட்டுக்கு நானும் வெற்றியும் வருகிறோம். வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா இல்லாதது முகத்தில் அடிக்கும், எனக்குத் தினமும் அடிக்கிறது, இரண்டு பேராக இருந்தால் கொஞ்சம் தாங்கும் என்று நினைக்கிறேன்.

நீ நூறு வயசு நல்லபடி இருக்க வேண்டும், போகிற கடலெல்லாம் உனக்கு அடங்கியிருக்க வேண்டும். மறக்காமல் இறங்கும் தேதியை வெற்றிக்குச் சொல். அம்மா படத்தைப் பெரிதாக்கி வாங்கி வந்துவிட்டோம், சுவரில் ஆணியும் அடித்தாயிற்று. இன்னும் மாட்டவில்லை. நீ வந்து மாட்டு.

உன் வழியைப் பார்த்திருக்கும் நைனா,
சுப்புராயன்