பெட்டிக்கடை எதிரே உப்புக் கோடு

இலக்கியாவுக்கு அம்மா எழுதுவது. நான் நலம். ஆடுகள் நலம். உன் தம்பி பாலகுரு நலமாக்கப்பட்டுக்கொண்டிருக்கிறான். டொரோண்டோவில் நீயும் மாப்பிள்ளை அரவிந்தனும் குழந்தையும் குளிருக்குத் தக்கபடி உடுத்தி, வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ அழுவாய், நான் பேச்சை நிறுத்த வேண்டிவரும். கடிதம் நீ அழுதாலும் நிறுத்தாது.

நம் கழுவெளிமேடு நகராட்சியான சந்தோஷத்தில் மூன்று சட்டம் போட்டார்கள், பொதுச்சேவைக்கு ஒன்று, சாலைப் பாதுகாப்புக்கு ஒன்று, மனநலத்துக்கு ஒன்று. புத்தகமாக அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள். நான் முழுவதும் படித்தேன். போட்டவர்களையும் சேர்த்து, ஊரில் படித்தவள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். சாலைச் சட்டப்படி ஈ.சி.ஆர் நெடுஞ்சாலையை வெள்ளைக் கோடு போட்ட இடத்தில்தான் கடக்க வேண்டும். கோட்டை நகராட்சிதான் போட வேண்டும், வேறு யாரும் போடக் கூடாது. நம் பக்கம் கோடே கிடையாது. பொதுச்சேவைச் சட்டப்படி கோடு கேட்டுச் செயலியில் மனுக் கொடுத்தோம். பல மாதம் கழித்து, வேறு ஏதோ ஊர்ச் சாலையின் படத்தைப் போட்டு, தீர்க்கப்பட்டது என்று பதில் வந்தது. படத்தில் கோடு நன்றாகத்தான் இருந்தது.

விடிவதற்கு முன்னால் உப்பளத்துக்குப் போகிறவர்கள் அந்தச் சாலையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். போன வருடம் நம் நிவேதா அடிபட்டுச் செத்ததும் அங்கேதான். தம்பி பெண்டாட்டியாக இருந்தும் அவள் காரியத்துக்கு உனக்கு லீவு கிடைக்கவில்லை, அதனால் இடம் சரியாகத் தெரியாது, பெட்டிக்கடைக்கு எதிரே. அதற்குப் பிறகு பாலகுரு தினமும் இருட்டோடு ஒரு கூடை உப்பை எடுத்துப் போய்ச் சாலையில் கொட்டி, பாத்தியில் உப்பு வாருகிற பலகையாலேயே இழுத்துப் பட்டை பட்டையாகக் கோடு போட்டான். வண்டி வெளிச்சத்தில் பளீரென்று தெரியும். என்னவோ ஏதோ என்று லாரிக்காரனும் பிரேக்கை மிதிப்பான். ஆட்கள் தாண்டிவிடுவார்கள். பொழுது ஏறுவதற்குள் சக்கரத்திலும் ஈரக்காற்றிலும் கோடு காணாமல் போய்விடும், மறுநாள் மறுபடி போட வேண்டும். ஒரேயடியாகப் பெயிண்ட் அடித்துவிடேன் என்றதற்கு, "பெயிண்ட் அடிச்சா சட்டப்படி தப்பும்மா, உப்புன்னா கரைஞ்சி பூடும், யாருக்கும் தொந்தரவு இல்ல" என்றான். சட்டத்துக்குப் பயந்த பிள்ளை, அதில்தான் மாட்டிக்கொண்டான். ஒரே காரியத்தைப் பொது இடத்தில் நாள்தோறும் திரும்பத் திரும்பச் செய்பவர் மனநோயாளி என்று மூன்றாவது சட்டத்தில் இருக்கிறது. பெயிண்ட் என்றால் அபராதத்தோடு விட்டிருப்பார்கள்.

நோயாளியைப் பிடிக்க ரத்த உறவு ஒருவரின் புகார் வேண்டும். நீ கொடுத்தாய். அக்கறையில்தான் கொடுத்தாய், இல்லை என்று சொல்லவில்லை. தம்பி துக்கத்தில் சாலையில் உப்புக் கொட்டுகிறான், உதவி தேவை என்று நீ எழுதியிருந்ததைத் தட்சணாமூர்த்தி எனக்கு வாசித்துக் காட்டினார். முன்பு நாய் பிடிக்கும் பிரிவில் இருந்தவர், இப்போது மனநலப் பிரிவு. வண்டி அதேதான், எழுத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். கோடு கேட்டதற்குப் பல மாதம், உன் புகாருக்கு மறுநாளே வந்துவிட்டார்கள். பாலகுரு கையில் கூடையோடு, "ரெண்டு பட்டை பாக்கி சார், போட்டுட்டு வர்றேன்" என்றான். "பாத்தீங்களாம்மா, இதான் நோயி" என்றார் தட்சணாமூர்த்தி. நான் அழுததற்கு, "பொண்ணு கனடாவுல இருந்து எவ்ளோ அக்கறையா எழுதியிருக்குது, பெத்தவங்க நீங்க குறுக்க வர்றீங்களே" என்று வருத்தப்பட்டார்.

கிளியனூர் தாண்டி ஓடாமல் கிடந்த ஒரு கல்யாண மண்டபத்தைக் காப்பகமாக்கியிருக்கிறார்கள். உன் தம்பியை மணமகன் அறையில் வைத்திருக்கிறார்கள், பெயர்ப்பலகையை இன்னும் எடுக்கவில்லை. போய்ப் பார்த்தேன். மாத்திரையில் நாக்கு தடித்துப் பேச்சு குழறுகிறது. எதற்கு உப்புப் போட்டாய் என்று டாக்டர் கேட்டாராம், ஆளுங்க சாவக்கூடாதுன்னு என்றானாம். சாவு பற்றியே பேசுகிறார் என்று எழுதி மாத்திரையைக் கூட்டிவிட்டார்கள். என்னிடம் அவன் கேட்டது ஒன்றுதான், இப்போது யார் கோடு போடுகிறார்கள் என்று. யாரும் போடவில்லை என்று உண்மையைச் சொன்னேன், அன்று முழுக்கச் சாப்பிடவில்லையாம். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

அந்த வாரமே நம் தனகோடி மேல் கார் ஏறிவிட்டது. உப்புக் கூடையோடு உன்னைப் பள்ளிக்கூடம் வரை கூட்டிப்போவாளே, அவள்தான். ஒரு காலை எடுத்துவிட்டார்கள். கோடு இல்லாத இடத்தில் சாலையைக் கடந்ததற்காக அவளுக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது, ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கொண்டுவந்து கொடுத்தார்கள். பொதுச்சேவை வாசல் தேடி வரும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது பொய்யில்லை.

உங்கள் ஊரில் பனி கொட்டினால் நகராட்சி வண்டியே சாலையெல்லாம் உப்புக் கொட்டிக்கொண்டு போகும் என்று முன்பு வீடியோ அனுப்பியிருந்தாய். தினமும் கொட்டுவார்கள், அப்போதுதான் யாரும் விழாமல் இருப்பார்கள் என்று நீயே அதில் பேசியிருந்தாய். தம்பி அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். அந்த ஓட்டுநர்களுக்கு அக்கா தங்கை யாரும் வெளிநாட்டில் இல்லை போலிருக்கிறது.

இனி சொல்ல வந்ததைச் சொல்கிறேன். புகார் கொடுத்தவரே நேரில் வந்து வாபஸ் வாங்கினால்தான் அவனை விடுவார்கள். பெற்றவள் சொன்னால் செல்லாது என்று தட்சணாமூர்த்தி பக்கத்தைப் புரட்டிக் காட்டினார், எனக்கு அந்தப் பக்கம் மனப்பாடம். நீ வர வேண்டும். மாத்திரை இன்னும் ஏறினால் நீ வரும்போது உன்னை யாரென்று கேட்பான். குழந்தைக்குப் பரீட்சை, மாப்பிள்ளைக்கு வேலை, லீவு கிடைக்காது என்பதெல்லாம் தெரியும். போன தடவையும் தெரியும். கிடைக்காவிட்டால் இன்னொரு வழி இருக்கிறது. தனகோடி அடிபட்ட மறுநாளிலிருந்து அந்தக் கோட்டை நான் போடுகிறேன், பலகை கொஞ்சம் கனம். தட்சணாமூர்த்தி தினமும் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போகிறார், புகார் இல்லாமல் அவரால் தொட முடியாது. எனக்கு ரத்த உறவு என்று வெளியே இருப்பவள் நீ ஒருத்திதான். என் மேலும் ஒன்று எழுதிப் போடு, உன் புகார் என்றால் உடனே வருவார்கள். பிள்ளை பக்கத்திலாவது இருப்பேன். மணமகள் அறை காலியாகத்தான் இருக்கிறது.

பேரப்பிள்ளைக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் நோயில்லாமல், புகார் எழுத வேண்டிய அவசியமில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கறையை மறக்காத அம்மா,
திரௌபதி