கச்சாயம் யாருடையது

வெள்ளிக்கிழமை. தீபாவளிக்கு இன்னும் மூன்று நாள்.

இந்தப் பங்களாவின் அடுப்படியை நான் பார்த்துக்கொள்ள வந்து பதினொரு வருஷம் ஆகிறது. இன்று முதலாளியம்மாவின் சிநேகிதிகள் வந்தார்கள், எல்லோரும் பனியன் கம்பெனிக்காரர் வீட்டுப் பெண்கள். ஆளுக்கொரு தீபாவளிப் பலகாரத்தின் பக்குவம் சொல்லி வீடியோ எடுப்பதாக ஏற்பாடு.

முதலாளியம்மா கச்சாயம் சொன்னார். பச்சரிசியும் வெல்லமும் எல்லோரும் போடுவதுதான். கனிந்த பூவன்பழத்தைப் பிசைந்து சேர்த்து, ஊத்துக்குளி நெய்யில் சுடுவது மட்டும் நான் பலமுறை கெடுத்துக் கெடுத்துக் கண்டுபிடித்தது.

"இது எங்க மாமியார் சொல்லிக் குடுத்ததுங்க" என்று சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "சரசக்கா, கொஞ்சம் நகந்துக்குங்க, வீடியோவுல விழறீங்க" என்றார். நகர்ந்துகொண்டேன்.

சாயங்காலம் மடத்துக்குளத்திலிருந்து மகள் போன் செய்தாள். அதற்குள் வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவைப் பார்த்துவிட்டாளாம்.

"ஏம்மா, கச்சாயம் அவங்ககிட்டக் கத்துக்கிட்டதா? நீயே கண்டுபிடிச்சதுன்னு எங்க ஊட்ல எல்லார்த்துகிட்டயும் பெருமையாச் சொல்லி வெச்சிருக்கறனே."

முதலாளியம்மா பக்கத்தில்தான் நின்றிருந்தார். தட்டிலிருந்த கச்சாயத்தைப் பிட்டுத் தின்றுகொண்டே என்னைப் பார்த்தார்.

"ஆமா கண்ணு, இவங்க சொல்லிக் குடுத்ததுதான்" என்றேன்.

மகள் போனை வைத்துவிட்டாள்.

திரும்பக் கூப்பிட்டு நிஜத்தைச் சொல்லிவிடலாம் என்று இதுவரை நாலு தடவை போனை எடுத்து எடுத்து வைத்துவிட்டேன். சொன்னால், "அப்புறம் ஏம்மா அப்படிச் சொன்னே?" என்று கேட்பாள்.